மஞ்சள் வயர்

கார் ஸ்டீரியோவுக்கு என்று ஓர் அளவு உண்டு. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மானியர்கள் வகுத்த அளவு என்பதால் அதற்கு டின் என்று பெயர். பழைய மாருதி 800இன் டேஷ்போர்டில் இருக்கும் ஓட்டைக்குள் எந்த நாட்டில் செய்த ஸ்டீரியோவும் போய் உட்காருவது இந்த அளவினால்தான். வயர்களின் நிறத்திலும் ஏறக்குறைய உடன்பாடு உண்டு. கறுப்பு எர்த். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயர். மஞ்சள், சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேட்டரியிலிருந்து நேராக எப்போதும் வந்துகொண்டிருக்கும் வயர். வெள்ளை முன்பக்க இடது ஸ்பீக்கர், சாம்பல் முன்பக்க வலது, பச்சை பின்பக்க இடது, ஊதா பின்பக்க வலது. மஞ்சளின் வேலை ஞாபகம் வைத்துக்கொள்வது. மணி, பிடித்துவைத்த ஸ்டேஷன்கள், பேஸ் எவ்வளவு, ட்ரெபிள் எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரு வயரின் தயவில்தான் இருக்கிறது. அதைக் கழற்றினால் ஸ்டீரியோ அன்றைக்குப் பிறந்த பிள்ளை மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது 2011இல். இரண்டாம் கையாக ஒரு மாருதி 800 வாங்கியிருந்தேன். அதில் ஏற்கெனவே இருந்த கேசட் பிளேயர் நாடாவைத் தின்னும் ஜாதி. மாற்ற வேண்டும் என்று நினைத்தது எனக்காக அல்ல, அப்பாவுக்காக.

அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். அன்றைக்குத் தெருவில் நடந்தாலே இரண்டு பக்கமும் தறிச் சத்தம்தான் வழித்துணை. அறுபதுகளில் தறிக்குப் போனவர் 2001இல்தான் நிறுத்தினார். லுங்கித் தறி. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் போய் அடிபடும். ஒரு பட்டறையில் இருபது தறி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலைகளுக்கான வரம்பு. தறிப்பட்டறைகள் சாதாரணமாக அதைத் தாண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள், அதுவும் பாவிலிருந்து பறக்கும் தூசிக்காக.

சத்தம் காதை அழிப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எல்லா ஸ்வரத்தையும் சமமாக அழிப்பதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் பறிக்கும். ஈரோட்டில் காது டாக்டரிடம் கூட்டிப் போனபோது கொடுத்த படத்தில் அந்தப் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. வலது காதுக்கு வட்டம், இடது காதுக்குப் பெருக்கல் குறி. இரண்டு கோடும் கொஞ்ச தூரம் சமதளமாகப் போய், பிறகு மேட்டூர் அணையின் மதகு மாதிரி செங்குத்தாக இறங்கின. இடது இன்னும் கொஞ்சம் ஆழம்.

அந்தப் பள்ளத்தில் என்ன போகிறது என்றால், வல்லினம் போகிறது. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த ஸ்வரங்களில் இருக்கிறது, மெல்லினமும் இடையினமும் ஓரளவு அப்படியே. க, ச, ட, த, ப என்ற வெடிப்புகளும் உரசல்களும்தான் மேலே இருப்பவை. ஆகவே அப்பாவுக்கு நாம் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறோம் என்பது கேட்காது. “சத்தம் வருது கண்ணு, பேச்சு வரமாட்டேங்குது” என்பார். இதைவிடச் சரியாக எந்த டாக்டரும் சொல்லி நான் கேட்டதில்லை. உடனே நாம் குரலை உயர்த்தினால், “ஏன்டா கத்தறே, நான் என்ன செவிடா?” என்பார். இரண்டுமே உண்மை. இப்படிப் பழுதான காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் நமக்கு வலிப்பதைவிட அதிகமாக வலிக்கும். நடுவில் இருக்கும் சந்து மிகவும் குறுகல். ஹியரிங் எய்டு வாங்கித் தந்தேன். பதினைந்து நாள் போட்டுக்கொண்டு, தட்டுக் கழுவும் சத்தம் தலைக்குள் விழுகிறது என்று பீரோவில் வைத்துவிட்டார்.

அம்மா இருந்தவரை இது பெரிய குறையாகவே தெரியவில்லை. அம்மா அதே பட்டறையில் தார் சுற்றியவர். தறிப்பட்டறைக்காரர்களுக்கு வாயசைவு தெரியும். இருபது தறி ஓடும் இடத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு உதட்டாலும் விரலாலும் குடும்ப விஷயம் முழுக்கப் பேசிவிடுவார்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி ஆலைகளிலும் பெண்கள் இப்படித்தான் பேசினார்களாம், அதற்கு மீ-மா என்று பெயரே இருந்திருக்கிறது. எங்கள் ஊரில் பெயரெல்லாம் கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகும் அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் பேசுவார்கள். சோறு போடும்போது அம்மா உதட்டை அசைப்பார், அப்பா சிரிப்பார், எங்களுக்கு ஒன்றும் புரியாது. சிறுவயதில் எனக்கு இது கொஞ்சம் கோபமாகக்கூட இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லா ரகசியமும் எங்கள் கண் முன்னால்தான் பேசப்பட்டது.

2008இல் அம்மா போனார். அதற்குப் பிறகு அப்பாவோடு பேச ஆள் இல்லை. நாங்கள் இருந்தோம், பேசவும் செய்தோம், ஆனால் அவருக்குத் தெரிந்த மொழியில் அல்ல.

காரில் நிலைமை இன்னும் மோசம். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கு என் காதுதான் தெரியும், உதடு தெரியாது. இன்ஜின் உறுமல் வேறு. கோயம்புத்தூர் வரை ஒன்றரை இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய் வருவோம். ரயில்வே கேட்டில் வண்டி நின்றால் முகத்தைத் திருப்பி நான்கு வார்த்தை பேசுவேன். கேட் திறந்துவிட்டால் பேச்சும் முடிந்தது. பாட்டாவது ஓடட்டும் என்றுதான் ஸ்டீரியோ.

கடையில் இருந்த தம்பி கெட்டிக்காரன். பழைய பிளேயரைப் பிடுங்கியபோது வந்த வயர்களைப் பார்த்து, “யாரோ பச்சப்புள்ள கட்டியிருக்குதுங்கண்ணா” என்று சிரித்தான். ஒவ்வொன்றாக டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்து, கறுப்பை மட்டும் பழைய இடத்தில் கொடுக்காமல், பாடியில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் ஸ்க்ரூ வைத்து முறுக்கினான். எர்த் சரியில்லை என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு மாதிரி ஒரு ஊளை ஏறி இறங்கும் என்று விளக்கினான். அது ஆல்டர்னேட்டரின் குரல். புதிதாகப் போட்ட ஸ்டீரியோ பலவற்றில் அதைக் கேட்கலாம்.

டப்பாவின் மேல் 50 வாட் பெருக்கல் 4 என்று போட்டிருந்தது. இது கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பைப் போடுகிற மாதிரி. 14 வோல்ட் மின்சாரமும் 4 ஓம் ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும்போது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்டை ஒட்டித்தான் கிடைக்கும். அதுவே ஒரு சின்ன காருக்குத் தாராளம். முன் கதவுகளில் 4 இஞ்ச் ஸ்பீக்கர், பின்னால் பார்சல் ட்ரேயில் 6க்கு 9 முட்டை வடிவம். சிடி போடலாம், எம்பி3 சிடி போடலாம், முன்பக்கம் ஒரு யூஎஸ்பி ஓட்டை. எல்லாம் முடித்து ஒரு குத்துப் பாட்டைப் போட்டான். பார்சல் ட்ரே அதிர்ந்தது. “பேஸ் எப்படிங்கண்ணா?” என்றான். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். நெஞ்சில் கை வைத்துக் காட்டினார், இங்கே அடிக்கிறது என்று. பாட்டு கேட்கிறதா என்று கேட்டேன். கையை விரித்தார்.

ட்ரெபிளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஸ்டீரியோவில் ட்ரெபிள் என்று எழுதியிருப்பது 10000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும். அப்பாவுக்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை, கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றுதான். அவர் காதுக்கு எட்டக்கூடிய இடத்தின் கடைசி விளிம்பு 2000, 3000 பக்கம் இருந்தது. மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் மிட் என்பதற்கு மையம் எங்கே என்று தேர்ந்தெடுக்க வழி இருந்தது: 500, 1000, 1500, 2500. 2500ஐ வைத்து அதை 6 வரை ஏற்றினேன். பேஸைக் கழித்தல் 4க்கு இறக்கினேன். தாழ்ந்த சத்தம் பலமாக இருந்தால் தனக்கு மேலே இருக்கும் மெல்லிய சத்தத்தை அமுக்கிவிடும், காதின் இயல்பு அது. பிறகு பேலன்ஸை முழுக்க இடது பக்கம் திருப்பினேன், அவர் உட்காரும் பக்கம். பழைய பாட்டெல்லாம் மோனோ, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றேதான் வரும் என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. கடைத் தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தகர டப்பாவுக்குள் யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. “அண்ணா, இது கொழா ஸ்பீக்கர் மாதிரி இருக்குதுங்ணா” என்றான், நொந்துபோய்.

அவன் சொன்னது சரி. கல்யாண வீட்டிலும் மாரியம்மன் பண்டிகையிலும் மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி பேஸும் தராது, உச்சமும் தராது. பேச்சு இருக்கும் இடத்தை மட்டும் பிடித்துத் தள்ளும். அதனால்தான் மூன்று தெரு தாண்டியும் சொல் புரிகிறது. அப்பாவின் பட்டறையில் முதலாளி அப்படி ஒன்றை வாங்கி மூலையில் கட்டியிருந்தார். நைட் ஷிப்டில் ஆட்கள் தூங்கிவிடக் கூடாது என்று பாட்டு போடுவார்கள். முதலில் ரேடியோ, பிறகு டேப் ரிக்கார்டர். பி.பி. ஸ்ரீனிவாஸ், ஜிக்கி, சுசீலா, டி.எம்.எஸ். எல்லாரும் இருபது தறிக்கு மேல்தான் பாடியிருக்கிறார்கள். அப்பாவுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் அப்படித் தெரிந்தவை. வெறும் அமைதியில் அவர் பாட்டு கேட்டது மிகக் குறைவு.

எம்பி3 பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு சாதாரண பாட்டு சிடியில் 80 நிமிடம். அதே வட்டில் 700 எம்பி எம்பி3 போட்டால் பன்னிரண்டு மணி நேரம், நூற்றைம்பதுக்கு மேல் பாட்டு. இவ்வளவு எப்படி அடைகிறது என்றால், மனிதக் காதுக்குக் கேட்காதது எது என்று கணக்குப் போட்டு அதை எறிந்துவிடுகிறார்கள். ஒரு பலத்த ஒலி பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடும், ஆகவே மறைந்ததை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரொம்ப உச்சத்தில் இருப்பதையும் வெட்டிவிடலாம். 128 கிலோபிட் பாட்டில் 16000 ஹெர்ட்ஸுக்கு மேல் பொதுவாக ஒன்றும் இருக்காது. இதில் தரம் போய்விட்டது என்று வருத்தப்படுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு வாதாட மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு போடப்பட்டது நல்ல காது ஒன்றை மனதில் வைத்து. அப்பாவின் காது தனக்கென்று வேறு ஒரு கணக்கு வைத்திருந்தது. நாற்பது வருஷம் தறி அவருக்கு எம்பி3 செய்துகொண்டிருந்தது, எது வேண்டும் எது வேண்டாம் என்று அவரைக் கேட்காமலே.

வேலை செய்தது. முதல் பயணத்திலேயே தெரிந்தது. பெருந்துறை தாண்டும்போது அவர் விரல் தொடையில் தாளம் போட்டது. விஜயமங்கலம் டோலுக்கு முன்னால் பாடவே ஆரம்பித்துவிட்டார். அவர் பாடி நான் கேட்டது அதற்கு முன் எப்போது என்று ஞாபகமில்லை. குரல் சுருதியில் நின்றது, சொல் மட்டும் அங்கங்கே வேறு. பாடிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டு, அந்த வரியை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு முறை. டோலில் வரிசையில் நின்றபோது என் முகத்தைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, “அவன் என்ன சொல்றான்? பணமா மணமா?” என்றார்.

“மணம்ப்பா. பூ மணம்.”

“பணம் இல்லையா?”

“இல்லீங்கப்பா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “உங்கம்மா பணம்னுதான் சொன்னா” என்றார்.

கதை இதுதான். அந்தப் பாட்டை அவர் கூம்பு ஸ்பீக்கரிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன்னால், அம்மா அந்தக் கோடியில் தார் சுற்றிக்கொண்டே வாயசைத்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். மெட்டு ஸ்பீக்கரிலிருந்து, சொல் உதட்டிலிருந்து. உதட்டில் பகரமும் மகரமும் ஒன்று. இரண்டுக்கும் உதடு மூடித் திறக்கிறது, வித்தியாசம் மூக்குக்குள் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் படி, மடி என்று சொல்லிப் பாருங்கள். அம்மா சரியாகத்தான் சொல்லியிருப்பார். தறி ஓட்டுகிறவருக்கு அது பணமாகத்தான் தெரிந்திருக்கிறது, அதுவும் சனிக்கிழமை கூலி நாளாக இருந்திருந்தால் சொல்லவே வேண்டாம். “காசு பத்தின பாட்டாச்சே, இவ எதுக்கு இதைப் பாடிட்டு நம்மளப் பாக்கறான்னு நெனச்சேன்” என்று சொல்லி அப்படிச் சிரித்தார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அது அவருக்கு நன்றாகவே கேட்டது.

இனிமேல் மணம் என்று பாடுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அடுத்த முறையும் பணம்தான். பாடகர் மணம் என்கிறார், இவர் பணம் என்கிறார், இருவரும் ஒரே மெட்டில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் அந்த ஸ்டீரியோவிடம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிடி வேகத்தடையில் துள்ளும், சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் கிடந்தவை வளைந்துபோயின, கடைசியில் பென் டிரைவ்தான் நிலைத்தது. பாட்டின் பெயரைத் தமிழில் அடித்தால் திரையில் கட்டம் கட்டமாக வரும். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பதால் ஃபோல்டர்களுக்கு எண் கொடுத்தேன். அந்த இயந்திரம் அகர வரிசை பார்க்காது, எந்தப் பாட்டை முதலில் காப்பி செய்தோமோ அதையே முதலில் பாடும். ஆகவே அவர் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்து கொடுப்பேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஏன் இதற்குப் பிறகு இது என்று கேட்டால் ஒரு காரணம் சொல்வார். இந்தப் பாட்டு வந்த வருஷம்தான் காவிரியில் அவ்வளவு தண்ணி, இது உங்கக்கா பொறந்தப்ப, இது பட்டறையில் ஸ்ட்ரைக். நான் கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பேன், அவர் என் உதட்டைப் பார்ப்பார். எங்களுக்குப் பேச்சு என்று ஒன்று வந்தது அப்படித்தான்.

2019இல் வண்டியை விற்றேன். புது வண்டியில் பெரிய கண்ணாடித் திரை, டின் ஓட்டை இல்லை. அப்பாவும் அதற்குள் வெளியே போவதைக் குறைத்திருந்தார். ஸ்டீரியோவை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, 12 வோல்ட் 10 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்று வாங்கி, மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி ப்ளஸ்ஸில் கொடுத்து, முட்டை ஸ்பீக்கரில் ஒன்றைப் பலகைப் பெட்டியில் அடைத்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வலது காதுப் பக்கம், இடது அதற்குள் ரொம்பவும் போயிருந்தது. காரில் இருந்ததைவிடத் தெளிவு, இன்ஜின் இல்லையே.

ஒரே தொல்லை மஞ்சள் வயர். காரில் அதற்குப் பின்னால் பேட்டரி இருந்தது. இங்கே கரண்ட் போனால் மஞ்சளும் செத்துவிடும், மிட் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும், பி.பி. ஸ்ரீனிவாஸ் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். நான் வாரநாளில் கோயம்புத்தூரில். அப்பாவோடு போனில் பேச முடியாது, எனவே மிஸ்டு கால் என்று ஏற்பாடு. ஒரு மிஸ்டு கால் வந்தால் கரண்ட் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். சனிக்கிழமை போய் மெனுவைத் திறந்து, 2500, ஆறு, கழித்தல் நாலு.

போன வருஷம் 7 ஆம்பியர் பேட்டரி ஒன்றை வாங்கி மஞ்சளுக்குத் தனியாகக் கொடுத்தேன். அதோடு மிஸ்டு கால் நின்றது. இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை வந்தது. பேட்டரி போய்விட்டதோ என்று மீட்டரும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போனேன். பேட்டரியில் 12.7 வோல்ட் இருந்தது. மெனுவைத் திறந்தால் ஆறு ஆறாகவே இருந்தது.

“எல்லாம் நல்லாத்தானுங்கப்பா இருக்குது” என்றேன்.

“அது இருக்குது” என்று சொல்லிவிட்டு நாலாம் நம்பர் ஃபோல்டருக்குத் திருகி ஒரு பாட்டைப் போட்டார். நடுவில் நிறுத்தி, “இங்க அவ என்ன சொல்றா?” என்றார்.

சுசீலா. எனக்குத் தெரிந்த சொல்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, குரல் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். “மறுக்காச் சொல்லு” என்றார். சொன்னேன். கண்ணைச் சுருக்கி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை ஆட்டிவிட்டு, வால்யூமை இரண்டு திருகு கூட்டினார்.